ஆகிடும்

பார்மாவிலிருந்து வந்தவர் பேர் ரெனாத்தோ.
கேன்டீன் கெம்பம்மா அதைக் காதில் வாங்கி
ரத்தினம் என்று வைத்துக்கொண்டாள்.
அன்றிலிருந்து காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
எல்லோருக்கும் அவர் ரத்தினம் சார்.

நாற்பது நாள் வேலை.
புது நிரப்பு எந்திரத்தைப் பூட்டி, ஓட்டிக் காட்டி,
எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.
நான் இரண்டாம் ஷிப்டுக்குப் பொறுப்பு.
என் ஆங்கிலம் அவருடையதைவிடக் கொஞ்சம் தேவலை,
அதனால் அவரும் என் பொறுப்பு.

முதல் வாரம் வயிறு.
அடுத்த வாரம் தூக்கம்:
ராயக்கோட்டை ரோட்டு லாட்ஜில்
ஏர் ஹாரன்கள் விடிய விடியத் தலையணைக்குள் புகுந்தனவாம்.
இரண்டும் சரியாயின.
சரியாகாதது ஒரு சொல்.

இன்றைக்குள் கேஸ்கெட் மாற்றிவிட முடியுமா?
ஆகிடும் சார், என்பான் திம்மராயன்.
நீராவி அழுத்தம்?
ஆகிடும் சார்.
வெல்டரைக் கூப்பிட்டாயா?
ஆகிடும்.

ஒரு மதியம் நோட்டோடு என்னிடம் வந்தார்,
இதற்கு என்ன அர்த்தம்?
சொன்னேன்:
இன்றைக்கே ஆகும்.
நாளைக்கு ஆகலாம்.
ஆகவே ஆகாது, அதை உங்கள் முகத்துக்கு நேரே
எப்படிச் சொல்வது.
மூன்றுக்கும் எண் போட்டு எழுதிக்கொண்டார்.
அதன்பின் திம்மராயன் வாயெடுத்தால்
ஒன்றா, இரண்டா, மூன்றா என்று விரல் நீட்டுவார்.
இவனும் கொஞ்சம் யோசித்து
இரண்டு விரல் காட்டுவான்.

அவர் மட்டும் லேசுப்பட்டவரா?
எந்திரத்தோடு கத்திச் சண்டை போடுவார்,
இரண்டு கையாலும்.
முதல் நாள் அடிதடி என்று வாட்ச்மேன்
லத்தியோடு ஓடி வந்துவிட்டார்.
பன்னிரண்டரைக்கு ஸ்பானரைக் கீழே வைத்தால்
கூரையே விழுந்தாலும் ஒரு மணி நேரம் தொடமாட்டார்.
நின்றபடி தயிர்ச்சோற்றை விழுங்கிக்கொண்டிருந்த என்னை
நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
உட்கார், என்றார்.
சரி என்று தலையாட்டினேன்.
எந்தப் பக்கம் ஆட்டினேனோ,
இல்லை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேழ்வரகுக் களி போட்ட அன்று
மெல்லக்கூடாது, விழுங்கணும் என்றேன்.
எங்கள் ஊரில் இது மஞ்சள், மக்காச்சோளம்,
நாங்கள் மெல்வோம் என்றார்.
மென்றார். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது.
கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

முப்பத்தாறாம் நாள், ராத்திரி பத்தரை.
பெங்களூரா வரத்து உச்சத்தில் இருந்தது.
கேட்டுக்கு வெளியே பதினேழு லாரி.
முதலாளி போனில்:
மூணாவது ஷிப்டையும் ஓட்டிடும்மா,
லைன் கழுவறதை நாளைக்கு வச்சுக்கலாம்.

ஆ... என்று வாயைத் திறந்துவிட்டேன்.
ஒன்பது வருஷமாய் அதே இடத்தில் அதே சொல்.
ரத்தினம் சார் எந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார்,
பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
விரல் எதுவும் நீட்டவில்லை.

ஆகாதுங்க, என்றேன்.
கழுவாமல் ஓட்டினால் கூழ் புளிச்சுடும்.

போனில் அவர் வீட்டு டிவி சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.
பார்க்கலாம், என்றார்.
அதற்கு எத்தனை அர்த்தம் என்று
நான் இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

கேட்டுக்குப் போனேன், சொல்லத்தானே வேண்டும்.
போச்சம்பள்ளி லோடு, டிரைவர் சாதிக் பாஷா,
மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து நிற்கிறார்.
தார்ப்பாய்க்குள் கையை விட்டு
ஒரு காயை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.
உள்ளே அடுப்பு மாதிரி சூடு.
இன்னிக்கு இல்லையாம்மா?
இல்லைங்க. காலையில் ஆறு மணிக்கு.
ஆறுன்னா ஆறா,
இல்ல எட்டரையா?

நான் ஒரு விரல் காட்டினேன்.
அவருக்கு அது புரியவில்லை.